தாய்க்குத் தருவது தானம் அல்ல, கூலி பாக்கி!

(மகளிர் அணி நடத்திய கிளைப் பொறுப்பாளர்கள் பயிலரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். தோழர்கள் முழுமையாகப் படித்து, தங்கள் கிளைக் கூட்டங்களில் வாசித்துக் காட்டவும்.)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு "தாய் சேய் ஊட்டச்சத்தும் நிதியுதவியும்". தலைப்பே ஒரு அரசாங்க ஃபைல் மாதிரி இருக்கு. நான் அதை ஒரு கேள்வியா மாத்திக்கிறேன். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற ஒரு பெண், செங்கல் சூளையில் வேலை பார்க்கிற ஒரு பெண், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற ஒரு பெண். அவ வாயும் வயிறுமா இருக்கா. ஏழாவது மாசம், எட்டாவது மாசம் அவளால குனிஞ்சு வேலை செய்ய முடியல. வேலைக்குப் போகலேன்னா கூலி இல்லை. அந்த மாசத்துச் சோத்துக்கு யார் பொறுப்பு?

"புருஷன் பொறுப்பு, குடும்பம் பொறுப்பு" என்று சிலர் சொல்லலாம். ஆனால் இந்த நாட்டின் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சட்டம் என்ன சொல்லுது, கைக்கு என்ன வருது, நடுவில எங்கே ஒழுகுது, நாம என்ன செய்யணும் என்பதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

முதல்ல அந்த "இலவசம்" என்கிற வார்த்தை. டிவி விவாதத்தில் கோட்டு போட்ட பெரிய மனுஷங்க உட்கார்ந்துகிட்டு, "இலவசம் கொடுத்து மக்களைச் சோம்பேறி ஆக்கிட்டாங்க" என்று பேசுவதைக் கேட்டிருப்பீங்க. அவங்க கிட்ட ஒரு கணக்கு கேளுங்க.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் இருக்கிற பெண்ணுக்கு, 2017-ல் மகப்பேறு பலன் சட்டத்தில் செய்த திருத்தம் தொடங்கி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. தமிழ்நாடு அரசு ஊழியராக இருக்கிற பெண்ணுக்கு 2021 ஜூலை முதல் ஒரு வருஷம். ரொம்ப நியாயமான விஷயம். போராடி வாங்கினது. அதை யாராவது இலவசம் என்று சொல்றாங்களா? யாரும் சொல்ல மாட்டாங்க. பிள்ளை பெறுகிற காலத்தில் அவளுக்கு வருமானம் நிற்கக் கூடாது என்று எல்லோருக்கும் புரியுது.

அதே கணக்கை நம்ம கூலிக்காரப் பெண்ணுக்குப் போட்டுப் பாருங்க. 2025-26-ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட கூலி நாளைக்கு 336 ரூபாய். வாரம் ஆறு நாள் வீதம் 26 வாரத்துக்கு 156 நாள். 156 நாளை 336-ஆல பெருக்கினா 52,416 ரூபாய். ஒரு கம்பெனி ஊழியருக்குக் கிடைக்கிற அதே நியாயம் நம்ம பெண்ணுக்கும் கிடைச்சா, அவளுக்கு வர வேண்டிய பணம் அது.

வருவது எவ்வளவு? ஒன்றிய அரசின் பிரதமர் மாத்ரு வந்தனா திட்டத்தில் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய். பதினைந்து நாள் கூலிக்குக் கூடக் கொஞ்சம் குறையுது. தமிழ்நாட்டில் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் ரொக்கமாக 14,000 ரூபாய். அது 42 நாள் கூலிக்குக் கொஞ்சம் கம்மி. பத்து மாசம் சுமந்து, பெற்று, பால் கொடுத்து வளர்க்கிறதுக்கு 42 நாள் கூலி! இதுக்குப் பேருதான் இலவசமா? இது பாக்கி. அவளுக்குச் சேர வேண்டிய கூலியில் நாம் கொடுக்காமல் வைத்திருக்கிற பாக்கி.

தோழர்களே, இந்த மண்ணுக்கு இதில் ஒரு பெரிய வரலாறு இருக்கு. அதை மறக்கக் கூடாது. 1920-ல் சென்னை மாநகராட்சியில் பிட்டி தியாகராயர் காலத்தில் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட ஆரம்பிச்சாங்க. 1956-ல் காமராசர் அதை மாநிலத்துக்கான திட்டமாக்கினார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்து, இரண்டு வயதுக் குழந்தையையும் அந்தப் பந்தியில் உட்கார வைத்தார். 1989-ல் கலைஞர் ஆட்சியில் அந்தத் தட்டில் முட்டை வந்தது. 2022-ல் காலை உணவு வந்தது. "காசு எங்கே இருக்கு, இதெல்லாம் நடக்குமா" என்று ஒவ்வொரு முறையும் ஒரு கூட்டம் கேட்டது. ஒவ்வொரு முறையும் நடந்தது. யார் செய்தாலும் நல்லதை நல்லது என்று சொல்வோம். அப்படிச் சொல்கிறவர்களுக்குத்தான் குறையைக் கேட்கவும் தகுதி உண்டு.

தாய்மார்களுக்கான பணத்துக்கும் ஒரு கதை இருக்கு. முத்துலட்சுமி ரெட்டி யார்? 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். பெண் படிப்பதே பெரிய விஷயமாக இருந்த காலத்தில் டாக்டரானவர். 1927-ல் சென்னை மாகாண சட்டமன்ற மேலவையில் துணைத் தலைவராக இருந்தவர். தேவதாசி முறை ஒழிப்புக்கும் குழந்தைத் திருமண எதிர்ப்புக்கும் குரல் கொடுத்தவர். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உருவாக்கியவர். அவர் பெயரிலான மகப்பேறு உதவி 1980-களின் பிற்பகுதியில் 300 ரூபாயில் ஆரம்பிச்சது. 2006-ல் 6,000 ஆச்சு. 2011-ல் 12,000 ஆச்சு. 2018-ல் 18,000 ஆச்சு. இந்தப் 18,000-ல் 4,000 ரூபாய் பொருளாக, ஊட்டச்சத்துப் பெட்டகமாக வருது. மீதி 14,000 ரொக்கம். ஒன்றிய அரசின் பங்கும் இதுக்குள்ளேயே சேர்ந்திருக்கு.

2018-க்கு அப்புறம் விலைவாசி எங்கேயோ போயிடுச்சு. தொகை மட்டும் நின்ன இடத்திலேயே நிக்குது. கேஸ் சிலிண்டர் விலையை நினைச்சுப் பாருங்க, எண்ணெய் விலையை நினைச்சுப் பாருங்க, ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ எவ்வளவு கேட்கிறான் என்று நினைச்சுப் பாருங்க.

இப்போ சட்டத்துக்கு வருவோம். 2013-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம். ரேஷன் அரிசிக்கான சட்டம் என்றுதான் பலருக்கும் தெரியும். அதன் நான்காவது பிரிவைக் கேளுங்க. கர்ப்ப காலத்திலும், பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதமும் அங்கன்வாடி மூலம் கட்டணம் இல்லாமல் உணவு. அதோடு 6,000 ரூபாய்க்குக் குறையாத மகப்பேறு உதவி. யாருக்கு? அரசு வேலையில் இருப்பவர்கள், வேறு சட்டத்தில் இதே மாதிரி பலன் வாங்குபவர்கள் நீங்கலாக, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும், பாலூட்டும் தாய்க்கும். "முதல் குழந்தைக்கு மட்டும்" என்று அந்தப் பிரிவில் இல்லை.

ஆனால் 2017-ல் திட்டம் வந்தபோது 6,000 என்பது 5,000 ஆச்சு. "ஒவ்வொரு" தாய் என்பது "முதல் குழந்தையின்" தாய் ஆச்சு. மருத்துவமனைப் பிரசவத்துக்குத் தரும் இன்னொரு உதவியையும் சேர்த்தால் சராசரியாக 6,000 வந்துடும் என்று விளக்கம் சொன்னாங்க. 2022-ல் இரண்டாவது குழந்தை பெண்ணாகப் பிறந்தால் 6,000 என்று சேர்த்தாங்க. பெண் குழந்தைக்குக் கொடுப்பதை வரவேற்கிறோம். ஆனால் இரண்டாவது பையன் பிறந்தால் அவன் அம்மாவுக்குப் பசி எடுக்காதா? ரத்தம் குறையாதா? சட்டத்தில் இருக்கிற உரிமையைத் திட்டத்தின் விதிமுறையை வைத்து வெட்டுவதை நாம ஏத்துக்க முடியாது.

இந்த நேரம் ஏன் அவ்வளவு முக்கியம்? டாக்டருங்க "முதல் ஆயிரம் நாள்" என்று சொல்வாங்க. வயிற்றில் இருக்கிற 270 நாள், பிறந்த பிறகு இரண்டு வருஷம் 730 நாள். மொத்தம் ஆயிரம். மூளை வேகமா வளர்வதும், எலும்பும் உயரமும் தீர்மானமாவதும் இந்த நாட்களில்தான். அப்போ விட்டதை அஞ்சாம் வகுப்பில் பிடிப்பது ரொம்பக் கஷ்டம்.

நம்ம மாநிலத்தின் நிலைமையைப் பார்ப்போம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாலு குழந்தையில ஒண்ணு. இந்திய அளவில் இது 35.5 சதவீதம். நாம பரவாயில்லைதான். ஆனால் ரத்தசோகை? கர்ப்பிணிகளில் அதற்கு முந்தைய ஆய்வில் 44.4 சதவீதமாக இருந்தது, 48.3 ஆகியிருக்கு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளில் 50.7-ஆக இருந்தது 57.4 ஆகியிருக்கு. குறைய வேண்டியது ஏறியிருக்கு தோழர்களே. மருத்துவமனைப் பிரசவத்தில் நாட்டுக்கே வழிகாட்டுகிறோம் என்று பெருமைப்படுகிற மாநிலத்தில், பிரசவ வார்டுக்கு வருகிற இரண்டு பெண்களில் ஒருத்திக்குக் கிட்டத்தட்ட ரத்தசோகை!

மாத்திரை கொடுத்தா மட்டும் இது தீராது. இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயித்துல போட்டா குமட்டுது என்று தூக்கிப் போடுகிற பெண்கள் எத்தனை பேர் என்று இங்கே இருக்கிற அக்காக்களுக்குத் தெரியும். சாப்பாடு இருந்தால்தான் மாத்திரையும் வேலை செய்யும். காசு இருந்தால்தான் தட்டில் கீரையும் பருப்பும் முட்டையும் வரும். அதனாலதான் உணவும் பணமும் ரெண்டும் வேணும் என்கிறோம்.

சரி, இந்த உணவுக்கு எவ்வளவு ஒதுக்குறாங்க? அங்கன்வாடியில் ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு 8 ரூபாய். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 9 ரூபாய் 50 காசு. ரொம்ப மோசமா எடை குறைஞ்ச குழந்தைக்கு 12 ரூபாய். இது 2017-ல் ஒன்றிய அரசு நிர்ணயித்த அளவு. இந்தச் செலவை ஒன்றிய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி ஏற்கணும். நீங்க கடைக்குப் போய் ஒரு முட்டை என்ன விலை என்று கேட்டுட்டு வாங்க. அந்த 8 ரூபாய்க்குள்ள தானியம், பருப்பு, எண்ணெய், காய்கறி எல்லாம் எப்படி அடங்கும்? தமிழ்நாட்டில் முட்டையும் கலவை சாதமும் கிடைக்குதுன்னா, மாநில அரசு தன் கையிலிருந்து கூடுதலாகப் போடுவதால்தான். முட்டை போடாத மாநிலத்துப் பிள்ளையும் நம்ம பிள்ளைதான். அவனுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கோரிக்கை.

அடுத்தது, எங்கே ஒழுகுது என்று பார்ப்போம். நாலு இடத்தைச் சொல்றேன், குறிச்சு வச்சுக்கங்க.

ஒன்று, பதிவு தாமதம். பன்னிரண்டு வாரத்துக்குள்ள கிராம சுகாதார நர்ஸிடம் பதிவு பண்ணி எண் வாங்கணும். "மூணு மாசம் முடியாம வெளியே சொல்லக் கூடாது, கண்ணு பட்டுடும்" என்று நம்ம வீடுகளில் ஒரு வழக்கம் இருக்கு. ஊருக்குச் சொல்ல வேண்டாம், நர்ஸம்மா கிட்ட மட்டும் சொல்லுங்க. அவங்க கண்ணு படாது!

இரண்டு, தாய் வீடு. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம்ம வழக்கம். பதிவு மாமியார் ஊரில், பிரசவம் அம்மா ஊரில். வங்கிக் கணக்கு கல்யாணத்துக்கு முந்தைய முகவரியில், ஆதாரில் அப்பா பெயர், போன் நம்பர் புருஷனுடையது. இந்தக் குழப்பத்திலேயே தவணை நின்னு போகுது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோட போகிறவங்க கதை இன்னும் மோசம். பணம் வரும்போது குழந்தை தவழ ஆரம்பிச்சிடுது. ஏழாம் மாசத்துப் பசிக்கான பணம் குழந்தை தவழும்போது வந்து என்ன பிரயோஜனம்?

மூன்று, வயது நிபந்தனை. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 19 வயது முடிந்திருக்கணும், முதல் இரண்டு பிரசவமாக இருக்கணும். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கணும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் அதே தேசிய ஆய்வில், தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுக்குள் இருக்கிற பெண்களில் 12.8 சதவீதம் பேருக்கு 18 வயதுக்கு முன்னாலேயே கல்யாணம் ஆகியிருக்கு. அந்தப் பொண்ணு தானாகப் போய்க் கல்யாணம் பண்ணிக்கல, பண்ணி வச்சாங்க. பதினெட்டு வயசுல பிள்ளை பெறுகிறவளுக்குத்தான் ஆபத்து அதிகம், அவ குழந்தைக்குத்தான் எடை குறைவு. அவளைத்தான் இந்த விதி வெளியே நிறுத்துது. கல்யாணம் பண்ணி வச்சவங்களைத் தண்டிக்கச் சட்டம் இருக்கு. வயித்துல இருக்கிற பிள்ளையைத் தண்டிக்கலாமா? குழந்தை எண்ணிக்கையும் அப்படித்தான். காசு கொடுத்தா நிறையப் பெத்துக்குவாங்க என்ற பழைய பயம் இப்போ செல்லாது. அதே ஆய்விலேயே தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை என்ற நிலைக்கு வந்துட்டோம்.

நான்கு, முகம். 2025 ஜூலை முதல், அங்கன்வாடியில் வீட்டுக்கு வாங்கிப் போகும் சத்துமாவுக்கு போஷன் டிராக்கர் செயலியில் முகப் பதிவு கட்டாயம் என்று ஒன்றிய அரசு சொல்லியிருக்கு. திருட்டைத் தடுக்கவாம். திருட்டைத் தடுக்கணும், சரி. ஆனால் சிக்னல் இல்லாத மலைக் கிராமத்தில் என்ன செய்றது? ஆதாரில் இணைத்த போன் நம்பர் தொலைஞ்சு போனவ ஓடிபி-க்கு எங்கே போவா? பச்சை உடம்புக்காரி கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு மறுபடி மறுபடி வந்து கேமரா முன்னாடி நிக்கணுமா? அங்கன்வாடி அக்காவுக்குப் பிள்ளைகளைப் பார்ப்பதா, போனைப் பார்ப்பதா? உணவுக்கான உரிமையைச் சட்டம் கொடுத்திருக்கு. போன் வேலை செய்யலேன்னு அதை மறுக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது.

இதிலிருந்து நம்ம கோரிக்கைகள் வருது. மகப்பேறு உதவி சட்டத்தில் சொன்னபடி ஒவ்வொரு பிரசவத்துக்கும் கிடைக்கணும், விலைவாசியோடு சேர்ந்து ஏறணும். பிரசவத்துக்கு முன்னாலேயே பெரும் பகுதி அவள் கைக்கு வந்து சேரணும். வயதையும் எண்ணிக்கையையும் காட்டி எந்தத் தாயையும் வெளியே நிறுத்தக் கூடாது. அங்கன்வாடி உணவுக்கான தொகையை உடனே உயர்த்தணும். முகம் பதியலேன்னா கையெழுத்து வாங்கிக்கிட்டு உணவு கொடுக்கணும். அங்கன்வாடி ஊழியருக்கும் உதவியாளருக்கும் மதிப்பூதியம் என்ற பெயரில் சொற்பத் தொகை கொடுக்கிறதை நிறுத்தி, முறையான சம்பளம் தரணும். தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கு. அந்த மையங்களைத் தாங்கி நிற்கும் பெண்களின் வீட்டுக் குழந்தைக்கும் வயிறு உண்டு.

"பணத்தைக் கொடுத்தா புருஷன் குடிச்சே அழிச்சிடுவான்" என்று ஒரு தோழர் டீ இடைவேளையில் என்கிட்ட சொன்னார். சில வீட்டில் நடக்கும், மறுக்கல. அதுக்காக எல்லாத் தாய்க்கும் பணத்தை மறுக்க முடியுமா? பணம் அவ பெயரில் இருக்கிற கணக்குக்கு வரணும், அந்த ஏடிஎம் கார்டு அவ கையில இருக்கணும். குடிகாரப் புருஷனைக் கண்டிக்கிற வேலையை ஊரில் இருக்கிற ஆண் தோழர்கள் நீங்க எடுத்துக்கங்க.

கோரிக்கை வைக்கிறது ஒரு பாதி. மறுபாதி நம்ம கையில இருக்கு. இந்த மாசத்திலிருந்து ஒவ்வொரு கிளையும் ஒரு நோட்டுப் போடணும். நம்ம தெருக்களில் எத்தனை கர்ப்பிணிகள், இரண்டு வயதுக்குட்பட்ட எத்தனை குழந்தைகள். நர்ஸிடம் பதிவு ஆச்சா? வங்கிக் கணக்கு அவ பேரில் இருக்கா, ஆதார் இணைஞ்சிருக்கா? எத்தனை தவணை வந்திருக்கு, எது வரல? பிரசவத்துக்கு வேற ஊர் போறான்னா, இரண்டு ஊர் நர்ஸுக்கும் தகவல் போச்சா? சத்துமாவு வருதா, வந்தா அவ சாப்பிடறாளா, இல்ல வீட்டுல எல்லாரும் பங்கு போட்டுக்கிறாங்களா? குழந்தையை மாசாமாசம் எடை போடறாங்களா? எடை குறைஞ்ச குழந்தைகளுக்குன்னே 2022-ல் ஆரம்பித்த "ஊட்டச்சத்தை உறுதி செய்" திட்டம் இருக்கு. அதில் பெயர் சேர்ந்திருக்கா?

நோட்டில் எழுதும்போது அவங்க எந்தக் கட்சி, என்ன சாதி என்று கேட்கக் கூடாது. எதிர்க்கட்சிக்காரர் வீட்டு மருமகளா இருந்தாலும் முதல்ல போய் நிக்கணும். அவங்க விவரத்தை வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. உதவி வாங்கிக் கொடுத்துட்டு அவளைப் பக்கத்தில் நிறுத்தி போட்டோ எடுக்கக் கூடாது. அவ தன் உரிமையை வாங்குறா, நாம வழி காட்டுறோம், அவ்வளவுதான்.

வரலைன்னு தெரிஞ்ச தவணைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் எழுத்து மூலம் மனு கொடுங்க, ரசீது வாங்குங்க. மறுபடியும் வரலேன்னா திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் நாளில் அந்தத் தாயோட சேர்ந்து போய் நில்லுங்க. பத்துக் கிளையின் நோட்டைச் சேர்த்தா அது ஒரு வட்டாரத்தின் உண்மை. எல்லா வட்டாரத்தையும் சேர்த்தா, எந்த அமைச்சர் வந்து "எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துடுச்சு" என்று சொன்னாலும் நாம எடுத்துக் காட்ட ஆதாரம் இருக்கும்.

தாய்மார்களே, வளைகாப்புக்கு நாம அஞ்சு வகைச் சாதம் செய்றோம். வயித்துப் பிள்ளைக்காரி ஏங்கக் கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரியும் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைப்பா. யாரும் அதைத் தர்மம் என்று நினைப்பதில்லை. ஒரு தெருவுக்கு இருக்கிற அந்த அறிவு ஒரு அரசாங்கத்துக்கு இருக்கணும் என்றுதான் கேட்கிறோம்.

அடுத்த மாதக் கிளைக் கூட்டத்துக்கு எல்லோரும் நோட்டோடு வாங்க. எத்தனை பேர் விட்டுப்போயிருக்காங்க என்று பெயர் பெயராகப் படிப்போம். ஒரு பெயர் கூட மிச்சம் இல்லாத வரைக்கும் வேலை செய்வோம்.



#தாய்சேய்_உரிமை #ஆயிரம்_நாள் #கூலி_பாக்கி